எங்கள் பக்கம் படம் எடுக்க என்ன இருக்கிறது?

கேள்வி: அறந்தாங்கி வாசகர், 6 ஜனவரி 2024

புது போன் வாங்கியிருக்கிறேன், கேமரா நன்றாக இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் எடுக்கலாம். எங்கள் பக்கம் பொட்டல், சீமைக்கருவேலம், கண்மாய், தைலமரக் காடு. அதை விட்டால் ஒன்றுமில்லை. சித்தன்னவாசல், குடுமியான்மலை எல்லாம் ஆயிரம் பேர் எடுத்தாயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராமத்துப் பக்கம் படம் எடுக்க என்னதான் இருக்கிறது?

7 ஜனவரி 2024

ஒன்றுமில்லை என்று எழுதிய அந்த வரியிலேயே நாலு படம் இருக்கிறது. பொட்டல், கருவேலம், கண்மாய், தைலமரம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஆலங்குடிப் பக்கம். உரம், விதை விற்கிற கடையில் வேலை. வாரத்தில் நாலு நாள் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஊர் ஊராகப் போய் வருவேன். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் புளியமரம். கண்டக்டர் "புளியமரம்லாம் வா" என்றுதான் குரல் கொடுப்பார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. ராத்திரி முழுக்க ஓடு பறக்கிற சத்தம். விடிந்து வெளியே வந்தால் தென்னந்தோப்பு மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. எங்கள் வாசலில் இருந்து அதுவரை கண்ணில் படாத அடுத்த ஊர்க் கோயில் தெரிந்தது. புளியமரம் வேரோடு பெயர்ந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது.

கரண்டு வர நாளானது. வந்த பிறகு சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, நம்ம புளியமரம் நின்ன போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க." வீடு வீடாகக் கேட்டேன். விழுந்து கிடக்கிற படம் எல்லார் போனிலும் இருந்தது, நின்ற படம் ஒருத்தரிடமும் இல்லை. கடைசியில் ஒரு கல்யாண ஆல்பத்தில், பெண் மாப்பிள்ளை வந்து இறங்கும் காருக்குப் பின்னால், ஒரு கிளையும் அடிமரத்தில் பாதியும் கிடைத்தது. அதைத்தான் போனில் படம் பிடித்து அனுப்பினேன்.

அன்றையில் இருந்து எடுக்கிறேன். சும்மா நிற்கிறதை, நிற்கும்போதே.

7 ஜனவரி, இரவு

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப் போனது. எந்த போன், எத்தனை மெகாபிக்சல் என்று தனிச்செய்தியில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். நாலு வருஷத்துப் பழைய போன்தான். அதைவிட முக்கியம், படத்தோடு எழுதி வைக்கிற குறிப்பு. நான் எழுதுவது இவ்வளவுதான்: ஊர், அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது. திசை எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ரெண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் போய் நின்று மறுபடி எடுக்கப் பார்த்தபோதுதான் புரிந்தது. மரம் போயிருந்தது, மூலைவீடு மாடியாகி இருந்தது, முன்பு எங்கே நின்று எடுத்தோம் என்று பிடிபடவே இல்லை.

10 ஜனவரி

சுமைதாங்கி எடுங்கள். முதல் படம் எதுவென்று கேட்டதால் சொல்கிறேன்.

ரெண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கி வைக்க ஆள் தேட வேண்டாம், அப்படியே தலையைச் சாய்த்துக் கல்லின் மேல் தள்ளிவிடலாம். மறுபடி தூக்கும்போதும் அதே மாதிரி. அதனால்தான் அந்த உயரம். பிள்ளைச்சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கிற வழக்கம் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக வழிப்போக்கன் சுமையை இறக்க ஒரு கல். எங்கள் பக்கத்துக் கல்லில் மேல்கல்லின் நடுவே வழுவழுவென்று ஒரு பள்ளம் இருக்கிறது, உள்ளங்கை வைத்தால் சரியாக உட்காரும். எத்தனை மூட்டை தேய்த்த பள்ளமோ. தூரத்தில் இருந்து ஒரு படம், பக்கத்தில் அந்தப் பள்ளத்தை மட்டும் ஒரு படம், ரோடு தெரிகிற மாதிரி ஒரு படம். மூன்று போதும்.

14 ஜனவரி, போகி

இன்று நம் மாவட்டத்துக்கு 50 வயது. 1974 ஜனவரி 14-ல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இருந்து பிரித்து உருவாக்கினார்கள். காலையில் பக்கத்து வீட்டில் பழைய பாயோடு ஒரு அட்டைப்பெட்டியும் எரியப் போனது. நல்லவேளை, எட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்டுடியோ படங்கள். ஒன்றில் குடும்பத்துக்குப் பின்னால் துணித்திரை கொஞ்சம் விலகி, ஓட்டுக்கூரையும் மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணறும் தெரிகிறது. கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

அப்புறம், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டவருக்கு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஜியோகிராஃப் என்று ஒரு இணையதளத்தை 2005-ல் தொடங்கினார்கள். நாடு முழுவதையும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படமாவது வேண்டும் என்று ஊர் மக்களே எடுத்துப் போடுகிறார்கள். அழகான இடமா என்று யாரும் பார்ப்பதில்லை. வேலி, வாய்க்கால் பாலம், தபால் பெட்டி, வெறும் வயல் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து நானும் எங்கள் ஊரைச் சுற்றிக் கட்டம் போட்டேன். எட்டுக்கு எட்டு, 64 கட்டம். வேலைக்குப் போகிற வழியில் 20 கட்டம் தானாக முடிந்தது. சிக்கியது தைலமரக் காட்டுக் கட்டங்கள்தான். எங்கே நின்றாலும் ஒரே மாதிரி வரிசை. ஒன்றில் மட்டும் வரிசைக்கு நடுவே பழைய எல்லைக்கல் கிடைத்தது. கட்டம் போடாமல் இருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

21 ஜனவரி

நேற்று கந்தர்வகோட்டைப் பக்கம் போன இடத்தில், தஞ்சாவூர் ரோட்டு ஓரம் புதரில் ஒரு கல். பாதி மண்ணுக்குள். மேலே ரோமன் எழுத்தில் 18, கீழே "ய அ" என்று ரெண்டு எழுத்து. கொத்தனார் பெயரின் முதலெழுத்தாக இருக்கும் என்று நினைக்கிறேன். படம் போட்டிருக்கிறேன்.

23 ஜனவரி

திருத்தம். அது எழுத்தே இல்லை, எண். ராத்திரி படுக்கும்போது மண்டையில் தட்டியது. ௰ என்றால் பத்து, ௮ என்றால் எட்டு. பார்வைக்கு ய, அ மாதிரியே இருக்கும். ௰௮ என்றால் பதினெட்டு, மேலே இருக்கிற ரோமன் எண்ணும் அதேதான். ஆங்கிலேயர் காலத்து மைல்கல். 18 மைல் என்றால் 29 கிலோமீட்டர். இன்று மறுபடி போனபோது தஞ்சாவூரில் இருந்து வண்டி மீட்டரில் பார்த்துக்கொண்டே வந்தேன், 29-ஐத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. இப்போதைய ரோடு சுற்றிப் போகிறதே, அந்தக் கூடுதல்தான்.

அரபு எண்ணும் தெரியாத, ரோமன் எண்ணும் தெரியாத ஒரு வண்டிக்காரனுக்காக யாரோ தமிழ் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். இதற்கும் முந்தி, தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவற்தாவளத்துக்குக் காதம் (அந்தக் காலத் தூர அளவு) 29 என்று எழுதி, எழுத்தே தெரியாதவருக்காகக் கீழே ரெண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

இப்போதைய கற்களையும் எடுங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. நம் பேரப்பிள்ளைகளுக்கு இதுவும் ௰௮ மாதிரிதான் ஆகப்போகிறது.

4 பிப்ரவரி

கல்லில் எழுத்து தெரியவில்லை, சாக்பீஸ் தேய்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் வேண்டாம், மாவும் வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நடுகல்லில் நான் கோதுமை மாவு தடவினேன். படம் நன்றாக வந்தது. அடுத்த மாதம் போனபோது எழுத்துப் பள்ளத்தில் எறும்பும் பூஞ்சணமும். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். காலை 7 மணிக்குள், இல்லை மாலை 5-க்கு மேல். கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி. வடக்குப் பார்த்த கல்லுக்கு வெயில் சரியாக விழாது. அதற்கு நான் சவரக் கண்ணாடி ஒன்றை வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தள்ளி வெயிலில் ஒரு ஆள் நின்று கண்ணாடியைச் சாய்த்தால் வெளிச்சம் கல்லை ஒட்டி வழியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நிழல் கட்டும், அதுவரை வெறும் கல்லாக இருந்தது படிக்க வந்துவிடும். கூட வந்த பையன் "அண்ணே, எழுந்திருச்சு வருதுண்ணே" என்றான்.

11 பிப்ரவரி

திருமயம் கோட்டை, மூவர் கோயில் மாதிரிப் பெரிய இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள், தாராளமாக எடுங்கள். ஆனால் மற்றவர் எடுத்த அதே வாசலில் நின்று எடுக்காமல், அது எங்கிருந்தெல்லாம் தெரிகிறது என்று தேடி எடுங்கள். 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை டீக்கடைப் பந்தலுக்கு மேலே எட்டிப் பார்க்கும், ரயில் ஜன்னலில் கொஞ்ச நேரம் கூடவே வரும், நாற்றங்காலில் தலைகீழாகக் கிடக்கும். அந்த ஊர்க்காரருக்கு அதுதானே கோட்டை. கொடும்பாளூர் மூவர் கோயிலை ஆடு மேய்க்கும் பக்கத்தில் இருந்து எடுத்தேன். மூன்றில் ரெண்டு விமானம்தான் நிற்கிறது, மூன்றாவதன் அடித்தளம் மட்டும். முன்னால் இருந்து எடுக்கிற படங்களில் அந்த வெறும் இடம் விழுவதே இல்லை.

தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டு போட அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கலாம்.

25 பிப்ரவரி

நேற்று மாசிமகம். குளமங்கலம் போயிருந்தேன். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில், முன்னால் நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைக் குதிரை. முப்பது அடிக்கு மேல் உயரம். ஊர் ஊராக வேன், டிராக்டர் பிடித்துக் காகிதப்பூ மாலை கொண்டுவந்து சாத்துகிறார்கள். குதிரையின் கழுத்தில் இருந்து தரைவரை மாலை மேல் மாலை, கால் கூடத் தெரியாது. மேலே ஏறி நிற்கும் ஆட்கள் மாலையை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நூறு படம் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் குதிரை. மாலையை எப்படிக் கட்டுகிறார்கள், எந்தக் கயிறு, எந்த ஊர் மாலை எங்கே இறங்குகிறது, ஒன்றும் எடுக்கவில்லை. இன்று காலை மறுபடி போனேன். கூட்டம் இல்லை. பனிக்கு நனைந்து காகிதச் சாயம் வெள்ளைக் குதிரையின் முழங்காலில் சிவப்பாக இறங்கி இருந்தது. அந்த ஒரு படம் போதும் என்று திரும்பி விட்டேன்.

26 பிப்ரவரி

சிலையைப் படம் எடுத்துப் பொதுவில் போடலாமா, யாராவது கேட்பார்களா என்று ஒரு கேள்வி. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படம் எடுக்கவும் வெளியிடவும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் ஒரு பக்கம். கோயில் காட்டுக்குள் செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியிடம் கேளுங்கள். சில சாமிகளைப் படம் எடுக்கக் கூடாது என்பார்கள். கூடாது என்றால் கூடாது. நமுணசமுத்திரத்தில் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். அங்கே ஒரு பெரியவர் "பழசைத் தொடாதே, உடைஞ்சதை நகத்தாதே, மத்தபடி எடுத்துக்க தம்பி" என்றார். அதையே நான் எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டேன்.

17 மார்ச்

இன்று ஒரு ஊரில் மாட்டிக்கொண்டேன். வயல் நடுவே ஒற்றைப் பனை, அதைப் பல பக்கம் சுற்றி எடுத்தேன். போனில் இருப்பிடக் குறி (ஜிபிஎஸ் எண்) பார்த்து நோட்டில் எழுதினேன். வரப்பில் இருந்து ஒரு ஆத்தா வந்தார். "யாரு பெத்த புள்ள நீ? எதுக்கு அளக்குறே? எண்ணெய் எடுக்க வந்த ஆளா?" பின்னாடியே நாலு பேர்.

எனக்குக் கோபமே வரவில்லை. நெடுவாசல் அங்கிருந்து பக்கம்தான். 2017-ல் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டம் வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்த மண். 2020-ல், இப்படிப்பட்ட புதுத் திட்டங்களைத் தடுக்கும் வேளாண் பாதுகாப்பு மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி என்று நம் ஒன்றியங்களும் சேர்ந்தன. என்றாலும் யாராவது வயலில் நின்று எதையாவது குறித்தால் வயிறு கலங்கத்தானே செய்யும். கடை பெயரைச் சொன்னேன், எடுத்த படங்களை எல்லாம் காட்டினேன். ஆத்தா தன் வயலின் படத்தைக் கையில் வாங்கி நேரம் போவது தெரியாமல் பார்த்தார். அப்புறம் "இந்தப் பனைக்குப் பேரு தெரியுமா? கொழுந்தியா பனை" என்றார். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஒரு கதை. கதையை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் வீட்டுக் கதை. பெயரை மட்டும் குறிப்பில் சேர்த்தேன்.

முதலில் பேசுங்கள், அப்புறம் போனை எடுங்கள். இதை நான் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

28 ஏப்ரல்

சித்திரை வெயில். கண்மாய் வற்றினால்தான் இதைக் கிட்டப் போய் எடுக்க முடியும் என்று காத்திருந்தேன்.

கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி), கரையில் இருந்து தள்ளி, ரெண்டு கல்தூண் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இருக்கும்போது மேல்முனை மட்டும் தெரியும், கொக்கு உட்கார்ந்திருக்கும். ஊரில் குமுழி என்பார்கள், எழுத்தில் குமிழித் தூம்பு. வற்றிய உள்வாயில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, நடந்தால் ஓடு உடைகிற மாதிரி சத்தம். தூணுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேலே ஒரு துளை, அது நீரோடி. அடிப்பக்கம் சின்னத் துளைகள், அது சேறோடி. மேல் துளையை ஒரு கல் குழவியால் அடைத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் வேண்டும்போது ஒருவர் நீந்திப் போய், தூண்களுக்கு நடுவே மூச்சடக்கி, குழவியைத் தூக்குவார். தண்ணீர் மேல் துளை வழியாக விழுந்து, கரைக்கு அடியில் ஓடும் கல் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். அந்த வேகம் அடித் துளைகளில் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வயலுக்கு வண்டல், கண்மாய்க்குத் தூர் வாரல், ரெண்டும் ஒரே வேலையில்.

சேறோடித் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்த வண்டல் இன்னும் இருக்கிறது. கடைசியாகக் குழவியைத் தூக்கிய அன்று நின்றுபோன வண்டல். பக்கத்திலேயே சிமென்ட் மடையும் இரும்புத் திருகும் வந்துவிட்டன, குமுழிக்கு வேலை இல்லை.

தூணில் கல்வெட்டு இருக்கிறதா என்று நாலு பக்கமும் பாருங்கள். நம் மாவட்டத்தில் பல குமுழித் தூண்களில் செய்து வைத்தவர் பெயர் உண்டு. நான் பார்த்ததில் இல்லை. தூணின் ஒரு பக்கம் மட்டும் மனிதர் கை பிடித்துப் பிடித்து வழவழப்பாக இருந்தது. சுமைதாங்கிப் பள்ளம் மாதிரியே.

29 ஏப்ரல்

நேற்று எழுதியதை எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்கு அவர் பேரன் வாசித்துக் காட்டினாராம். அவர் சொன்ன திருத்தம்: எல்லாரும் நீந்திப் போக மாட்டார்கள், அதற்கென்று ஊரில் ஒரு ஆள் இருப்பார், அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. குழவியைத் தூக்குவதைவிட, சரியான இடத்தில் மறுபடி இறக்குவதுதான் கஷ்டமாம். தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கும் என்றாராம். நன்றி ஐயா.

கண்மாய் எடுக்கிறவர்கள் இந்த வார்த்தைகளைக் கேட்டு எழுதுங்கள்: வரத்துவாரி, உள்வாய், மடை, கலுங்கு, மறுகால். நிரம்பிய தண்ணீர் வழிகிற கலுங்கில் குட்டிக் கல் வரிசையாக நிற்குமே, அதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறு பெயர். கல் இன்னும் நூறு வருஷம் நிற்கும். பெயர் தெரிந்தவர்களுக்கு எண்பது வயது ஆகிவிட்டது.

19 மே

போன் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டு மாதப் படம் போனது. அதற்கு முந்தியது எல்லாம் தம்பி வீட்டுக் கணினியில் இருந்ததால் தப்பியது. வாட்ஸாப்பில் அனுப்பியது இருக்கும் என்று தேடினேன், இருக்கிறது, ஆனால் சுருங்கிப்போய், தேதியும் இருப்பிடமும் இல்லாமல். படமாக அனுப்பினால் அந்தத் தகவலை எல்லாம் வாட்ஸாப் கழற்றிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கையால் நோட்டில் எழுதி வைத்திருந்ததுதான் காப்பாற்றியது.

9 ஜூன்

இருப்பிடக் குறியைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. ஜனவரியில் தனிச்செய்தியில் கேட்டவர்களிடம், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள், சில மீட்டர் வித்தியாசத்தில் அதே இடத்துக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். கண்மாய்க்கும் மைல்கல்லுக்கும் அது சரி. வெட்டவெளியில் தூக்கக்கூடிய அளவில் கிடக்கும் சிற்பம், ஐயனார் காட்டு உடைந்த சிலை, இவற்றுக்கு வேண்டாம். நோட்டில் எழுதுங்கள், பொதுவில் ஊர் பெயரோடு நிறுத்துங்கள். திருடு போனது திரும்பி வராது. ஏற்கெனவே போட்ட மூன்று படங்களில் குறியை எடுத்துவிட்டேன்.

18 ஆகஸ்ட்

சுமைதாங்கி இல்லை.

ஜனவரியில் எழுதினேனே, உள்ளங்கை உட்காரும் பள்ளம் உள்ள கல். ரோடு அகலப்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை வரை இருந்தது, இன்று போனால் அந்த இடத்தில் ஜல்லி. வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன், தெரியாது என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது மூன்று கல். யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான். நான் அதை ஏழு மாதத்துக்கு முன் படம் எடுத்ததோடு சரி. ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லி, தள்ளி நட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம். படம் எடுத்ததுமே வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மனசு ஆறவே இல்லை.

22 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது! படுக்கைக் கல் மட்டும். அரை கிலோமீட்டர் தள்ளி வாய்க்காலுக்குக் குறுக்கே யாரோ நடைபாலமாகப் போட்டிருக்கிறார்கள். கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள், பள்ளம் அடியில். குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் உறுதி செய்தேன். ஜனவரிப் படத்தில் ஓரத்தில் ஒரு சின்ன உடைப்பு தெரியும், அதுவும் இருக்கிறது. படத்தைக் காட்டியதும் ஊராட்சித் தலைவர் தானே வந்து பார்த்தார். தூண்கல் ரெண்டும் மண்மேட்டுக்குள் இருக்கலாம், ரோடு வேலை முடிந்ததும் தேடி நட்டுவிடலாம் என்கிறார். பாலத்துக்கு வேறு பலகை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் கடக்கிறார்கள்.

20 அக்டோபர்

மழை பிடித்துவிட்டது. 2019 கோடையில் நம் பக்கத்து இளைஞர்கள் கைக்காசு போட்டுத் தூர் வாரிய குளங்களை எல்லாம் இப்போது போய் எடுங்கள். நான் ஒரு குளத்தை ஒரே இடத்தில் நின்று எடுத்து வருகிறேன், தை, சித்திரை, இந்த ஐப்பசி. மூன்றையும் வரிசையாக வைத்துக் கடைக்கு வந்த ஒரு விவசாயியிடம் காட்டினேன். சித்திரைப் படத்தைப் பார்த்து "இது எந்த ஊரு?" என்றார். அவர் வயல் அந்தக் குளத்துப் பாசனம்.

3 நவம்பர்

அறந்தாங்கி நண்பர் முதல் படத்தைப் போட்டுவிட்டார்! பத்து மாதம் கழித்து. கண்மாய், கரையில் ஒற்றை மருதமரம், பின்னால் மழை இருட்டு. நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அந்த மருதமரத்துக்குப் பெயர் உண்டா?

6 நவம்பர்

அவர் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறார். உண்டாம். "வண்ணான்துறை மருது." அவருக்கு 34 வயது, அந்தப் பெயரை இப்போதுதான் முதல் தடவை கேட்கிறாராம். அப்பத்தா அதோடு நிற்கவில்லை, அந்தக் கரையில் இருந்த இன்னும் மூன்று மரத்தின் பெயரையும், எது எந்தப் புயலில் போனது என்பதையும் சொன்னாராம். எழுதி வையுங்கள் நண்பரே. இன்றைக்கே.

16 நவம்பர்

ஆறு வருஷம். காலையில் புளியமரம் நிறுத்தத்துக்குப் போனேன். மரம் நின்ற இடத்தில் ஊராட்சி வைத்த பூவரசு, என் தோள் உயரம், வேலிக்குள். கல்யாண ஆல்பத்துப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அந்தக் கார் நின்ற இடத்தை மளிகைக்கடைத் திண்ணையை வைத்துக் கண்டுபிடித்தேன். அதே இடத்தில் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் சின்னப் பையன், மரத்தைப் பார்த்திருக்கவே மாட்டான். "புளியமரம்லாம் வா" என்றான். மூன்று பேர் இறங்கினார்கள்.

படம் போட்டிருக்கிறேன். குறிப்பு: எங்கள் ஊர், புளியமரம், 16 நவம்பர் 2024, காலை 7.10, கிழக்கே பார்த்து.